மை பூசி மறைத்த வரி

ஃபிரானெக்கர் ரயில் நிலையத்திலிருந்து அந்த இல்லத்துக்கு நடந்தே போய்விடலாம். வெண்டெலாவும் நடந்துதான் போனாள். போய்ச் சேர்வதற்குள் மழை அவளுடைய கோட்டைத் தொப்பலாக்கிவிட்டது. பையை மட்டும் நனையவிடாமல் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். அதில் அன்றிரவே அச்சுக்குப் போகவேண்டிய புத்தகத்தின் கடைசித் திருத்தப்படி இருந்தது.

துணையில்லாத வயதான பெண்கள் வாழ்கிற பழைய இல்லம் அது. அங்கே நிர்வாகிகள் கூடுகிற அறையில், இரும்புப் பெட்டிக்குள், ஹெசல் ஆவ்கமா என்ற தத்துவவாதி தன் கைப்பட எழுதிய தாள்கள் இருந்தன. நரகம் என்று ஒன்று கிடையாது, அது பயமுறுத்தக் கட்டிய கதை என்று எழுதிய மனிதர். அச்சான அவருடைய நூல்களைத் தேவாலய சபை முந்நூறு வருஷங்களுக்கு முன்பே எரித்துத் தீர்த்துவிட்டது. துணி அலமாரிக்குப் பின்னால் நண்பர்கள் ஒளித்துவைத்த இந்த ஒரு கட்டு மட்டும் தப்பியது.

கதவைத் திறந்தது மிங்கா. அந்த இல்லத்தில் குடியிருப்பவள். சாவிக்கும் அவள்தான் பொறுப்பு.

"வாங்க டாக்டரம்மா. இந்த மழையில குடை கூட இல்லாம வர்ற அளவுக்கு அந்தப் பழைய காகிதத்துல அப்படி என்னதான் இருக்கோ!"

காபி வந்தது. பிஸ்கட் டப்பாவும் வந்தது. வெண்டெலா ஒன்றை எடுத்ததும் மிங்கா டப்பாவை மூடினாள்.

"ஒண்ணு போதும்ல?"

"நீங்கதான் மூடிட்டீங்களே, இனிமே நான் என்னத்தச் சொல்றது?"

மிங்கா சிரித்தாள். "இந்த வீட்டுல ரெண்டாவது பிஸ்கட் கேட்டு வாங்கின ஒரே ஆளு உங்க வீபெதான். வெக்கமே இல்லாம கை நீட்டுவாரு. எங்க அவரு? வரலையா?"

"உடம்பு சரியில்ல. பக்கவாதம். பேச்சு போயிடுச்சு."

"அடக் கடவுளே." மிங்கா டப்பாவின் மேல் கையை வைத்தாள். "பாவம், எத்தனை வருஷம் இங்க வந்து கண்ணைக் கெடுத்துக்கிட்டாரு. புத்தகத்துல அவரு பேரையாவது பாக்கட்டும்."

வெண்டெலா காபியை அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.

ஏனென்றால் அந்தத் தாள்களை அவளோடு சேர்ந்து ஆராய்ந்த வீபெயின் பெயர் புத்தகத்தில் இல்லை.

ஆவ்கமாவின் தாள்களில் ஒரு வரி மட்டும் கன்னங்கரேலென்று மை பூசி மறைக்கப்பட்டிருக்கும். சபைக்குப் பயந்து நண்பர்கள்தான் பூசினார்கள் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். கீழே எழுதிய மை ஒரு வகை, மேலே பூசிய மை வேறு வகை என்று கண்டுபிடித்தவர் வீபெ. அந்த மேல்மையை ஊடுருவிப் பார்க்கும் கேமரா வைத்து அவர் படமெடுத்தார். வரி வெளியே வந்தது.

'நூல் என்னுடையதல்ல, ஃபோல்கர்ட் எழுதியது என்று சபையில் சொன்னேன்.'

ஃபோல்கர்ட் ஆவ்கமாவின் நண்பன். சிறைக்குப் போனவன் திரும்பவில்லை. பூசியது ஆவ்கமாவின் கையேதான் என்பதையும் வீபெதான் நிரூபித்தார். "பாவம்டி இந்த மனுஷன்," என்றார் அன்றைக்கு. "ஒத்துக்கவும் முடியல, ஒளிக்கவும் முடியல. வெக்கத்துலயே செத்திருக்கான்."

பிறகு வீபெ பக்கவாதத்தில் விழுந்தார். பேட்டிக்கு யார் வருவார்கள் என்று பதிப்பகத்தில் கேட்டார்கள். நான்தான், என்றாள் வெண்டெலா. அட்டையில் ஒரே ஒரு பெயர் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்றும் அவளே சொன்னாள். யாரும் அவளை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. திருட்டு என்று தெரிந்துதான் செய்தாள். தெரிந்ததால்தான் அதன் பிறகு ஒருமுறைகூட வீபெயைப் போய்ப் பார்க்கவில்லை.

தாள்கள் இருந்த அந்த அறைக்கு ஒரு விதி உண்டு. விளக்கு ஏற்றக்கூடாது, மை கொண்டுபோகக்கூடாது. இல்லத்தை நிறுவியவர் உயிலில் எழுதிவைத்தது. பகல் வெளிச்சம் இருக்கும்வரை படிக்கலாம், மங்கினால் எழுந்துவிடவேண்டும். மின்சாரம் வந்த பிறகும் அந்த ஒரு அறைக்கு மட்டும் கம்பி இழுக்கவில்லை.

"இருட்டினா வந்துருங்க," என்று சொல்லிவிட்டு மிங்கா கதவைச் சாத்தினாள்.

வெண்டெலா பென்சிலும் கையுமாக உட்கார்ந்து, மூலத்தையும் திருத்தப்படியையும் வரிக்கு வரி ஒப்பிட்டாள். மழை ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தது. குளிர்காலத்து மதியம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் வடிந்துபோனது. மறைத்த வரிக்கு வந்தபோது எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒரே ஒரு பக்கம்தான். எழுந்து போக மனம் வரவில்லை.

போனை எடுத்து, வெளிச்சம் தாளின் மேல் சாய்வாக விழும்படி தாழ்த்திப் பிடித்தாள். சுவடி பார்க்கிறவர்களின் பழக்கம் அது. சாய்ந்த வெளிச்சத்தில் பேனா அழுத்திய பள்ளம்கூடத் தெரியும். கறுத்த பட்டையின் மேல் ஏதோ மினுமினுத்தது. அந்தக் காலத்தில் மை காய்வதற்குத் தூவுகிற மணல். இத்தனை வருஷமாக ஒட்டிக்கொண்டே இருக்கிறது போலும்.

ஒரு மணல் துகள் நகர்ந்தது.

மூச்சு பட்டிருக்கும் என்று நினைத்தாள். முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

இன்னொன்று நகர்ந்தது.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. துருவும் புளிப்பும் கலந்த வாடை, ஈரமான கம்பளி வாடை. அதனோடு ஒரு சத்தமும் வந்தது. இறகுப் பேனா காகிதத்தில் கீறுகிற சத்தம்.

கிறீச். கிறீச்.

போன் வெளிச்சம் மேசையின் அந்தக் கோடி வரை போகவில்லை. அங்கே யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கறுப்பு அங்கி, கூனிய முதுகு. முகம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அந்த முகத்தையும் ஒரு கை மூடியிருந்தது.

"யாரு?" என்றாள்.

"பாக்காத."

கெஞ்சுகிற குரல். மிரட்டல் அதில் துளியும் இல்லை. அவமானம் தாங்காமல் முகத்தை ஒளித்துக்கொண்ட மனிதனின் குரல், சாவு வந்தும் அந்த அவமானம் தீரவில்லை.

"உங்க வரியை எடுத்துடறேன்," என்று கிசுகிசுத்தாள். "அச்சுல வராது. சத்தியமா."

கீறல் நிற்கவில்லை.

"இது என் வரி இல்ல."

வெண்டெலா குனிந்து பார்த்தாள். சத்தம் மேசையின் அந்தக் கோடியிலிருந்து வரவில்லை. அவள் கைக்குக் கீழேயிருந்து வந்தது. அங்கே கிடந்தது அவளுடைய திருத்தப்படி, முதல் பக்கம். அவள் விரல்கள் பென்சிலைப் பிடித்து, முன்னும் பின்னும், முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தன.

அங்கே அச்சாகியிருந்த அவள் பெயர் தெரியவில்லை.

அதன் மேல் கறுப்பு மை ஈரமாகப் பளபளத்தது.

அவள் கத்தியிருக்கவேண்டும். கதவு திறந்து, நடை விளக்கின் வெளிச்சம் உள்ளே விழுந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் வெறும் நாற்காலி.

"என்னம்மா இது, போன்ல வெளிச்சம் போட்டீங்களா?" மிங்கா கிட்டே வந்து அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் முழுக்க மை. "படிச்சவங்கதானே நீங்க? மை கொண்டுவரக் கூடாதுன்னு எத்தனை தடவ சொல்றது? அந்த வீபெ ஒரு நாளாவது இப்படிப் பண்ணியிருப்பாரா?"

"நான் கொண்டுவரல," என்றாள் வெண்டெலா.

"அப்ப யாரு கொண்டாந்தாங்க, நானா?"

பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளையைப் போல, வெண்டெலா திருத்தப்படியைப் பையில் திணித்துக்கொண்டு வெளியேறினாள்.

ரயிலில் பதிப்பகத்திலிருந்து அழைத்தார்கள். "கடைசித் திருத்தம் ஏதாவது உண்டா மேடம்? ராத்திரி மெஷின்ல ஏத்தறோம்."

சொல்வதற்கு ஒரே ஒரு பெயர்தான். அது தொண்டை வரை வந்தது. எதிரில் ஒரு பெண் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவர்கள் கேட்டால்?

"ஒண்ணுமில்ல. அப்படியே அடிச்சிடுங்க."

விரலில் இருந்த மை போகவில்லை. சோப்பு, எலுமிச்சை, பெட்ரோல் எல்லாம் போட்டுத் தேய்த்தாள். கடைசியில் பிளாஸ்திரி ஒட்டி மறைத்துக்கொண்டாள். ஃபோல்கர்டைப் பற்றிய வரி செய்தித்தாள்களில் வந்தது. பேட்டி கொடுத்தாள். ஒவ்வொரு பேட்டியிலும் 'நான் கண்டுபிடித்தேன்' என்றாள். இரண்டாவது பேட்டியில் அது முதல் முறையைவிடச் சுலபமாக வந்தது. அதை நினைத்து அன்றிரவு படுக்கையில் கூசிப்போனாள்.

வீபெயின் மனைவி ஹிஸ்கா போன் செய்தபோது தட்டிக்கழிக்க வழியில்லாமல் போயிற்று. அப்போதுதான் வந்திறங்கிய பிரதிகளைக் கட்டோடு பையில் போட்டுக்கொண்டு, லேவார்டனில் அவரை வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லத்துக்குப் போனாள். நல்ல வெயில். ஜன்னலோரக் கட்டிலில் வீபெ சாய்ந்திருந்தார். பாதி முகம் சிரித்தது.

"உங்க புத்தகம் வந்துருச்சுங்க, பாருங்க!" ஹிஸ்கா பையில் மேலாக இருந்த ஒரு பிரதியை உருவி அவர் மடியில் வைத்தாள். அட்டையை முன்னும் பின்னும் திருப்பினாள். "இவரு பேரு எந்தப் பக்கத்துல இருக்கு வெண்டெலா? கண்ணாடியை வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன்."

வெண்டெலாவின் முகம் தீப்பற்றியதுபோல் எரிந்தது.

ஹிஸ்கா முதல் பக்கத்தைத் திறந்தாள். போர்வையில் பொலபொலவென்று ஏதோ கொட்டியது.

"என்னது இது, மணலா? அச்சு கூடக் காயலையே. பாருங்க, ஒரே மையா இருக்கு."

வீபெ தன் நல்ல கையை நீட்டி அந்தக் கறுத்த பட்டையைத் தொட்டார். விரல் கறுத்தது. அதைப் பார்த்தார். பிறகு வெண்டெலாவின் பிளாஸ்திரியைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் மெல்லக் கையைத் தூக்கித் தன் முகத்தை மூடிக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதே முதுகு. அதே கூனல்.

"என்னங்க? வலிக்குதா?" ஹிஸ்கா பதறினாள். பிறகு வெண்டெலாவைப் பார்த்துத் திரும்பினாள். "என்னாச்சு இவருக்கு? பேரு எங்கன்னு கேட்டேனே?"

இப்போதாவது சொல்லிவிடலாம். இரண்டே வார்த்தைதான்.

"விட்டுப்போச்சு," என்றாள் வெண்டெலா. "அச்சகத்துல... அடுத்த பதிப்புல போட்டுருவாங்க."

கிறீச்.

அவள் காலடியில் இருந்த பைக்குள்ளிருந்து, இன்னும் திறந்து பார்க்காத பிரதிகளின் நடுவிலிருந்து வந்தது சத்தம். கிறீச். கிறீச். நிதானமாக, ஒரு பிரதி முடிந்து அடுத்ததாக.

தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்தாள்.

ஹிஸ்கா மெதுவாகக் குனிந்து அந்தப் பையைப் பார்த்தாள்.