கணக்கில் வராத பத்து நிமிடம்

காலையில் வீடு எழுப்பும், எழுந்துகொள்ள வேண்டும். குளியலறையில் வெந்நீர் தயாராக இருக்கும். உடுத்தி முடித்து, காபி குடித்து வெளியே வந்தால் வாசலில் பகிர்வண்டி நிற்கும். ஊரிலுள்ள அத்தனை பேருடைய நிமிடங்களையும் நேரவலை பங்கு பிரித்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, தூத்துக்குடியில் யாரும் எதற்கும் காத்திருப்பதில்லை. ஆஸ்பத்திரியில்கூட வரிசை கிடையாது. செண்பகவல்லிக்கு இந்த ஒழுங்கின் மேல் அபாரப் பிரியம். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பொறியாளர் அவள். தாமதமாக வருகிறவர்களைக் கண்டாலே ஆகாது.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டை நடத்தும் இல்லக்கணினியின் இயங்குதள மேம்படுத்தல் பாதியில் நின்றபோது அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. திரையில் பச்சைக் கோடு முக்கால்வாசி போகும், யோசிக்கும், பிறகு பழையபடி ஆரம்பத்துக்கே வந்துவிடும். மாலைக்குள் முடியாவிட்டால் வீட்டை நேரவலையிலிருந்து துண்டித்துவிடுவார்கள். அப்புறம் வண்டி வராது, குழாயில் தண்ணீர் வராது.

அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். இடம் போதவில்லையோ என்று கல்யாண வீடியோக்களை வேறிடத்துக்கு மாற்றினாள். கேபிளைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். கணவன் இசக்கியப்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். இயந்திரம் எதுவானாலும் "தள்ளு, நான் பாக்கேன்" என்று முதல் ஆளாக வந்து நிற்பான். இன்று என்னவோ பால்கனியில் மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தான், தொட்டி வழிகிற அளவுக்கு.

"இங்க பாருங்களேன். வலை அனுப்புத ஒப்புதல் வந்து சேரும்போதே காலாவதி ஆயிருதாம். இப்பத்தான அனுப்புச்சு, அதுக்குள்ள எப்படிப் பழசாவும்?"

அவளுக்குக் கோபம் போய் ஆர்வம் வந்துவிட்டது. கைப்பட்டையில் மணி பார்த்தாள். சுவரிலும் அதே மணிதான். ஆனால் வீட்டுக்குள் இருக்கும்வரை கைப்பட்டை இல்லக்கணினியைக் கேட்டுத்தானே மணி காட்டுகிறது? எழுந்துபோய்க் கதவைத் திறந்து படிக்கட்டில் நின்றாள். கைப்பட்டை சிமிட்டியது, மணி பத்து நிமிடம் பின்னால் போனது. உள்ளே வந்தாள், முன்னால் ஓடியது. நம்ப முடியாமல் இன்னொரு தடவை போய்வந்தாள்.

"ஏங்க, நம்ம வீடு பத்து நிமிஷம் முன்னால ஓடுது! அதான் வார ஒப்புதல் எல்லாம் பழசாத் தெரியுது!"

இசக்கியப்பன் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தான். "நாந்தான் தள்ளி வச்சேன். எங்க அப்பா வீட்டுச் சுவர்க்கடியாரம் எப்பவும் அப்படித்தான் ஓடும், அப்பாக்கு பஸ் தப்பிரக் கூடாதுன்னு. அந்தப் பழக்கம்."

"இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்தா?"

"பின்ன? காலைல இங்க உக்காந்து காப்பி குடிக்கோம்லா, வண்டி வார வரைக்கும். அந்த நேரம் எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்ச?"

தன் சுறுசுறுப்பில் மிச்சமான நேரம் என்றுதான் இத்தனை நாளும் அவள் நினைத்துப் பெருமைப்பட்டிருந்தாள். வீடு அவர்களை முன்கூட்டியே எழுப்பி விரட்டியிருக்கிறது. வண்டியோ ஊர் மணிக்கு வந்திருக்கிறது. இரவில் அவன் திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். வாரநாட்களில் இருவரும் முகம் பார்த்துப் பேசுவது அந்தப் பத்து நிமிடம்தான். ஆனாலும் வேறு வழியில்லை, கடிகாரத்தைச் சரிசெய்தாள்.

பச்சைக் கோடு தங்குதடையில்லாமல் ஓடி முடிந்தது. உடனே புதிய இயங்குதளம் கேட்டது: 'தினமும் பத்து நிமிடம் கணக்கில் வரவில்லை. எதற்குப் பயன்படுத்தினீர்கள்? பணி, உணவு, உடற்பயிற்சி, ஓய்வு.'

"என்ன போட?"

"சும்மா இருந்தோம்னு போடு."

"சும்மாங்கது இதுல இல்லியே."

"அப்ப ஓய்வுன்னு போடு. கேட்டுத்தான் பாப்போமே."

போட்டாள். 'இருவருக்கும் தினமும் காலையில் பத்து நிமிட ஓய்வு ஒதுக்கப்பட்டது' என்றது திரை. செண்பகவல்லி கைதட்டிச் சிரித்தாள். இனி ஒளிக்க வேண்டியதில்லை!

மறுநாள் காலை இருவரும் காபியோடு பால்கனியில் உட்கார்ந்தார்கள்.

"ஓய்வு தொடங்குகிறது" என்றது வீடு, மிக இனிமையாக.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவள் புடவையைச் சரிசெய்துகொண்டாள். நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்கள் போல இருந்தது.

"சொல்லுங்க."

"நீ சொல்லு."

காபியை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"பாதி ஓய்வு முடிந்தது."

"தெனமும் என்னத்தப் பேசுவோம் நாம?" என்று கேட்டான் இசக்கியப்பன். அவளும் யோசித்துப் பார்த்தாள். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அழுகை வரும்போல இருந்தது, காபியைக் குடித்து முடித்தாள்.

இருவரும் இறங்கிப்போய் அவரவர் வண்டியில் ஏறினார்கள். கதவு மூடிய பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது: மல்லிகை மொட்டு விட்டிருக்கிறது, அவன் பார்த்தானோ இல்லையோ. சட்டென்று திரும்பிக் கண்ணாடியைத் தட்டினாள். அவன் வண்டி அதற்குள் தெருமுனை தாண்டிவிட்டது. இந்த ஊரில் எதுவும் காத்திருப்பதில்லை.