புறத்தே எறிந்த துடைப்பம்

மிதுன மாதத்தின் கடைசி நாள். குளத்தூர்மேல் கருமுகில் தாழ்ந்து நின்றது. இரப்பர் இலைகளில் விழுந்து ஓட்டு விளிம்பில் வழிந்த மழை, முற்றத்துச் சேற்றில் சொல்லற்ற செபம்போல் ஓயாமல் முணுமுணுத்தது. பூஞ்சையின் மணம் சுவர்தோறும் ஏறியிருந்தது.

கணவன் மோகனன் மறைந்தபின் சத்யபாமா தனியே எதிர்கொள்ளும் மூன்றாம் கர்க்கடகம், மலையாளத்து ஆடி, நாளை பிறக்கும். அதற்குள் வீட்டைக் கழுவி, பழைய துடைப்பத்தையும் கிழிந்த முறத்தையும் குப்பையோடு உடைந்த சட்டியிலிட்டுப் புறத்தே எறிந்து, ‘சேட்டை புறத்து, சீதேவி அகத்து’ என்று சொல்லி விளக்கேற்ற வேண்டும். திருமகளின் தமக்கை மூதேவியாகிய சேட்டை, எறியாத வீட்டில் ஆண்டு முழுதும் குடியிருப்பாள்.

தோளெலும்பு முறிந்திருந்ததால் இவ்வாண்டு அந்த வேலைக்கு ஜிஜாவைக் கூலிக்கு அமர்த்தியிருந்தாள். பகலெல்லாம் ஜிஜா ஓயாது பேசிக்கொண்டே கழுவினாள். நெடுநாளைக்குப்பின் வீடு மூச்சுவிட்டது.

“இதை நான் எறிஞ்சது சபையில அறிஞ்சா, பாஸ்டர் என்னையும் சேத்து எறிவாரு அம்மா!”

“குப்பைக்கு ஏது சபை மக்கா? முக்குல எறிஞ்சிட்டுத் திரும்பிப் பாக்காம நேரே வீட்டுக்குப் போ. விளக்கு கொளுத்துதுக்கு முன்ன நான் ஆரையும் உள்ள விளிக்கப்பிடாது.”

ஜிஜா சட்டியோடு படியிறங்கினாள். அந்தி கவிந்தது. சத்யபாமா தீப்பெட்டியைக் கையில் எடுத்தாள். அந்நொடியே பேச்சற்ற வீடு அவளை அழுத்திற்று. தாங்காமல் வெளியே நோக்கினாள். படிக்கல்லருகே, கொட்டும் மழையில், முக்காடிட்டு ஒருத்தி நின்றாள்.

“நனையாத மக்கா. உள்ள வா, சாயா குடிச்சிட்டுப் போலாம்.”

வாய் முந்திவிட்டது.

அவள் வந்தாள். கழுவிய தரையில் அழுகிய இலையின் வாடை படர்ந்தது. குனிந்து பெருக்கத் தொடங்கினாள், வாயிலிலிருந்து உள்நோக்கி. தேய்ந்த ஈர்க்குகள் தரையைக் கீறின. பழைய துடைப்பம். எறிந்த துடைப்பம்.

கைப்பேசி ஒலித்தது.

“அம்மா, ஜிஜாவாக்கும். முக்குலயே பஸ் கிட்டிச்சு, ஏறியாச்சு. பொறத்தால விளிச்சது கேட்டுது. திரும்பப்பிடாதுண்ணு நீங்கதானே சொன்னிய?”

கீறல் நின்றது.

சத்யபாமா திரும்பவில்லை. சுவரைத் தடவிப் பூசையறைக்குள் போய் விளக்கின்முன் அமர்ந்தாள். விரட்ட வேண்டும். ஒரே சொல். திரி பற்றுமுன்.

“சேட்டை...”

‘புறத்து’ என்பது நாவில் எழவில்லை. சொன்னால் வீடு மீண்டும் வெறுமையாகும்.

தீக்குச்சியை உரசினாள். திரி பற்றிற்று. சுவரில் இரண்டு நிழல்கள். கைகூப்பிக் கண்களை மூடினாள். முதுகின்பின் ஈரச்சேலை சொட்டிற்று. சொட்டு. மீண்டும் சொட்டு.

குளிர்ந்த உள்ளங்கை அவள் உச்சியில் அமர்ந்தது. மோகனனுக்குப்பின் அத்தலையைத் தொட்ட முதற்கை.

“நல்லா இரி மக்கா. தீர்க்காயுசா இரி. ஒனக்கு நான் உண்டு.”