ஆண்கள் பக்கத்து பெஞ்சு

"ஏங்க! உங்க கோயிலைக் கொஞ்சம் நகர்த்துங்க. நான் வெளியே போகணும்!"

அல்பின் நிமிர்ந்து பார்த்தான். மதில் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மழை அவள் தொப்பியைப் பாழாக்கிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறக் கண்கள்... அவற்றில் அப்படி ஒரு கோபம். பேச்சோ சுத்தமான ஸ்வீடிஷில்.

"நகர்த்தத்தான் வந்திருக்கோம்," என்றான். "அதுதான் நகர மாட்டேங்குது."

சிகாகோவின் ஸ்வீடிஷ்காரர்கள் எல்லோரும் வடக்கே குடிபெயர்ந்துவிட்டார்கள். மரத்தால் கட்டிய தங்கள் கிறிஸ்தவக் கோயிலை விட்டுவிட்டுப் போக மட்டும் மனமில்லை. அடித்தளத்திலிருந்து தூக்கி, உருளைக்கட்டைகள் மேல் ஏற்றி, குதிரைகளைப் பூட்டி இழுத்து வந்தார்கள். இந்தத் தெருவில் மழை பிடித்துக்கொண்டது. சேற்றில் இறங்கிய கோயில், ஒரு வீட்டின் கதவை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. அந்த வீட்டுச் சமையல்காரிதான் இவள். தெக்லா.

"இன்னிக்கு வியாழக்கிழமை. வாரத்துல ஆராதனை நேரம் போக எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரு மத்தியானம். அதை முழுங்கிட்டு நிக்குது உங்க கோயில்!"

"என் கோயில் இல்ல. நான் கூலிக்கு இழுக்கிறவன்."

"கோயிலை இழுக்கிறவருக்குக் கோயில் வேண்டாமா? நல்ல கதையா இருக்கே!"

அல்பின் மதிலிலிருந்து கோயில் ஜன்னலுக்கு ஒரு பலகை போட்டான். "உள்ளே இறங்கி, அந்தப் பக்க வாசல் வழியா போயிடுங்க."

"பலகை ஆடுதே... கூட வாங்க."

"நான் உள்ளே போறதில்லை."

அவள் கண்களிலிருந்து கேலி போய்விட்டது. ஜன்னலில் கால் வைத்ததும் திரும்பினாள். "பலகையை எடுத்துடாதீங்க. நான் திரும்பி வரணும்."

எடுக்கவில்லை. சாயங்காலம் அந்தப் பலகை மேல் காகிதத்தில் சுற்றிய ஏலக்காய் ரொட்டி இருந்தது. மறுநாள் மதிலுக்கு மேலிருந்து காபி வந்தது. சனிக்கிழமையும் வந்தது.

"அண்ணே," என்றான் கூட வேலை செய்யும் குஸ்தாவ். "சேத்துல மாட்டினது கோயிலா, நீங்களா?"

"வேலையைப் பாருடா."

ஞாயிறன்றும் மழை விடவில்லை. சபை மூப்பர் குடையோடு வந்து நின்றார். "நம்ம கோயில்ல ஒரு ஞாயிறுகூட ஆராதனை நின்னதில்லை, தம்பி. தெருவுல நின்னாலும் நடக்கும்."

"நடத்துங்க. ஆனா இடப்பக்கம் மண் இளகிக் கிடக்கு. ரெண்டு பக்கமும் பாரம் சமமா இருக்கணும்."

அங்கேதான் வந்தது வினை. இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள். அதுதான் வழக்கம். இந்தச் சபையிலோ பெரும்பாலும் வீட்டு வேலைக்காரப் பெண்கள். இடப்பக்கம் நிரம்பி வழிந்தது. வலப்பக்கத்தில் நாலைந்து கிழவர்கள். வெளியே நின்ற அல்பின் காதில் கட்டைகள் முனகின. இடப்பக்கம் இறங்கியது.

"பாதிப் பேர் வலப்பக்கம் போங்க!" ஜன்னல் வழியாகக் கத்தினான்.

"உசிரே போனாலும் ஆம்பளைங்க பக்கம் உக்கார மாட்டேன்!" சபையின் மூத்த பெண்மணி உல்ரிகா அம்மாவின் குரல் அது. யாரும் அசையவில்லை.

பிறகு... மரத்தரையில் ஒரு ஜோடிக் காலணிச் சத்தம். நடுவழியைக் கடந்து வலப்பக்கம் வந்தது. நிதானமாக, தயங்காமல். அதன் பின்னால் இன்னொன்று. பிறகு பல. கடைசியில், முணுமுணுத்தபடி உல்ரிகா அம்மாவும்.

முனகல் நின்றது. ஜன்னலில் தெக்லாவின் முகம் தெரிந்தது.

"இன்னும் ஒரு ஆள் பாரம் குறையுது."

"போதும். சமமாயிடுச்சு."

"போதாது. வாங்க."

"என் மனைவி ஆல்மாவோட சவப்பெட்டியை இந்த வாசல் வழியாத்தான் தூக்கிட்டு வந்தேன்," என்றான் அல்பின். "அப்புறம் உள்ளே கால் வைக்கல. வைக்கவும் மாட்டேன்."

அவள் கண்களில் நீரா, மழையா... தெரியவில்லை. ஆனாலும் விடவில்லை.

"இம்மாம் பெரிய கோயிலைத் தெருத்தெருவா தூக்கிட்டு வர்றீங்க. உள்ளே வர மட்டும் பலம் இல்லையா?"

சுருக்கென்றது. "உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. பக்கத்துல உக்காரத் தெரியும்."

அல்பின் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உள்ளே பாட்டு ஆரம்பித்தது. கட்டைகளைப் பார்த்தபடி நின்றான். அவற்றுக்கு இனி அவன் தேவையில்லை. பின்னே எதற்கு நிற்கிறேன்?

காலணிச் சேற்றை வழித்தான். வாசல் ஏறினான்.

பெட்டி வைத்திருந்த இடத்தில் ஈரக்குடைகள் சாய்ந்து சொட்டிக்கொண்டிருந்தன. வெறும் பலகைத் தரைதான்... அவ்வளவுதான். தெக்லா நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தான். அவள் பாட்டுப் புத்தகத்தின் பாதியை அவன் பக்கம் தள்ளினாள்.

அவன் பாடவில்லை. எழுந்தும் போகவில்லை.

அன்றிரவு மழை விட்டது. அடுத்து வந்த வெயிலில் தெரு இறுகியதும் குதிரைகளைப் பூட்டினார்கள். கோயில் அசைந்தது. வீட்டுக் கதவு திறந்தது. ஏப்ரனோடு தெக்லா நின்றாள்.

"வழி விட்டாச்சு," என்றான் அல்பின். "இப்போ நிம்மதியா?"

"ம்... வழி இருக்கு. கோயில்தான் போகுதே."

அவன் தொப்பியைக் கழற்றினான். "புது இடத்துல அஸ்திவாரம் கெட்டியா இருக்கும். பாரம் சமமா இருக்க வேண்டியதில்லை. நீங்க பெண்கள் பக்கமே உக்காரலாம்."

"ஓ..."

"ஆனா உக்கார வேண்டாம். என் பக்கத்துல உக்காருங்க. பாரத்துக்காக இல்ல... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, தெக்லா. உல்ரிகா அம்மா என்ன சொன்னாலும் சரி."

சாம்பல் கண்கள் அவனை விட்டு விலகவில்லை. உள்ளே அடுப்பில் ஏதோ தீயும் வாசனை.

"அப்போ குதிரைங்களை மெதுவா ஓட்டச் சொல்லுங்க," என்றாள். "வியாழக்கிழமை நான் நடந்து வந்து சேரணும்."