பாப்லர் மரத்தடி மனிதன்

அட்டையும் சாந்தும் பசையுமாகச் செய்த பொம்மை ரயில் பாதையிலிருந்து, தீய்ந்த பிரேக்கின் வாடை வந்துகொண்டிருந்தது. அடுப்படி வாடையாக இருக்கும் என்றுதான் லுபோஷ் முதலில் நினைத்தான். கோப்பையை வைத்துவிட்டு மேஜைமேல் குனிந்தான். வாடை நெஞ்சுவரை இறங்கியது.

செத்துப்போன மனைவி யித்காவின் தங்கை வியேரா, ஞாயிற்றுக்கிழமை காப்பிக்குக் கூப்பிட்டிருந்தாள். அக்காவும் தங்கையும் சேர்ந்து தொடங்கிய பாதை அது. யித்கா போனபின் இவள் தனியாகவே கட்டி முடித்திருந்தாள். முன்பு அதில் மலையும் ஸ்டேஷனும் மட்டுமே இருந்தன. இப்போது ஊருக்கு வெளியே, யித்கா ரயிலில் அடிபட்ட, கேட் இல்லாத அந்த லெவல் கிராசிங்கும் இருந்தது. வரிசையாகப் பாப்லர் மரங்கள். தண்டவாளத்தின் குறுக்கே கட்டைவிரல் நுனியளவில் ஒரு சிவப்புக் கார். யித்காவின் கார்.

"இதைப் போயா செஞ்சு வெச்சிருக்க?"

வியேரா நிமிரவில்லை. நீர்க்கக் கரைத்த பழுப்புச் சாயத்தைத் தூரிகையில் தொட்டுத் தொட்டுத் தண்டவாளத்துக்குத் துரு ஏற்றிக்கொண்டிருந்தாள். "புதுசா பளபளன்னு இருந்தா பொம்மைன்னு தெரிஞ்சிரும். எண்ணெய், கரி, துரு எல்லாம் ஏறணும். அப்பதான் நிஜம்னு நம்பி ரயில் வரும்."

வெளியே பனிமூட்டம் ஜன்னலை அடைத்திருந்தது. விளக்கைத் தன் பக்கம் திருப்பிய லுபோஷ் அப்போதுதான் கவனித்தான். பொம்மைப் பாப்லர் ஒன்றின் பின்னால் ஒரு குட்டி மனிதன். சாம்பல் நிறக் கோட்டு. வலது கை கோட்டுப் பைக்குள்.

"இது யாரு?"

"நீதான் சொல்லணும். நான் வைக்கல. பிடுங்கிப் பிடுங்கிப் போடறேன், விடிஞ்சா அங்கயே நிக்கறான்." தூரிகையைத் துணியில் துடைத்தாள். "கார் சாவி கடைசிவரைக்கும் கிடைக்கலன்னு போலீஸ்ல சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா?"

லுபோஷுக்கு ஞாபகம் இருந்தது. அன்றைக்குக் காரில் சண்டை முற்றியபோது, ஓட்டிக்கொண்டிருந்தவளின் பக்கம் எட்டிச் சாவியைத் திருகிப் பிடுங்கியவன் அவன். தண்டவாளத்தின்மேலேயே வண்டி நின்றது. அவன் இறங்கி நடந்தான். சிக்கிய பெல்ட்டோடு அவள் மல்லுக்கட்டியதையும், அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதையும் மரத்தடியில் நின்று பார்த்தான். பிறகு வயல்வழியே வீட்டுக்குப் போய், போலீஸ் கதவைத் தட்டும்வரை டிவி முன் உட்கார்ந்திருந்தான். கிராசிங்கில் அன்று வேறு ஒரு ஈ காக்கைகூட இல்லை.

"கேக் எடுத்துட்டு வரேன்" என்று வியேரா எழுந்து போனாள். கதவு சாத்திக்கொண்டது. வெளிப்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.

"வியேரா, கதவ எதுக்குச் சாத்தற?"

"அவ வர்ற நேரம்." கதவுக்கு அந்தப் பக்கம் குரல் சாதாரணமாக இருந்தது. "நான் இருந்தா அவ பேசமாட்டா. நீயே பேசிக்கோ."

கதவை உலுக்கினான். தோளால் இடித்தான். அசையவில்லை.

பின்னால் கோப்பை கிணுகிணுத்தது. பொம்மைத் தண்டவாளம் மெல்ல முனகியது. மின்கம்பி பிளக்கோடு தரையில் சுருண்டு கிடந்தது, சொருகப்படாமல். சாந்து மலையின் குகைக்குள் மிளகளவு வெளிச்சம். அது எலுமிச்சையளவு ஆயிற்று. தரை அதிர்ந்தது.

ஹாரன்.

காரைப் பார்த்தான். அதன் சின்னக் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை.

அறைக்குள் ஈர மண் வாசனை. எண்ணெய். ரத்தம். முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள், வெகுதூரம் நடந்து வந்ததுபோல.

"யித்கா," என்றான். "யித்கா, நான் திரும்பி வரத்தான் இருந்தேன்."



சுவர் முழுக்க வெளிச்சம். காலடியில் சரளைக்கல் நறநறத்தது. ஓட நினைத்தான்.

குளிர்ந்த கை ஒன்று அவன் மணிக்கட்டைப் பற்றியது. இறுக்காமல். சாலையோரம் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் தாயைப்போல, அவள் அவனோடு தண்டவாளத்தின் நடுவில் நின்று, வரும் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.