யாருமில்ல, மூடு

படுக்கையின் மேல் விரித்திருந்த பனிமான் தோல் சூடாக இருந்தது.

ரௌனி கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். கடைசி விருந்தாளிகள் போன ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டார்கள். அதன் பிறகு அந்தப் பனி விடுதிக்குள் அவளும் அவள் கொழுந்தன் தூரேயும் தவிர யாரும் கால் வைக்கவில்லை. சுவர், கூரை, கட்டில், தலைமாட்டில் செதுக்கிய மீன் எல்லாமே பனிக்கட்டிதான். சூடாக இருப்பதற்கு அங்கே எதுவும் கிடையாது. ஆனாலும் தோலின் நடுவில், ஓர் ஆள் மல்லாந்து படுத்து எழுந்துபோன அளவுக்கு, மயிர் அமுங்கிக் கிடந்தது. அந்தப் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்தால், யாரோ இப்போதுதான் விட்டுப்போன போர்வைக்குள் கை நுழைத்தது போலிருந்தது.

தோலை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள். முன்வாசலில் ஏப்ரல் வெயிலில் கண் கூசியது. தூரே பனி ஊதும் இயந்திரத்துக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"ஒன்பதாம் நம்பர்ல படுத்துத் தூங்குனியாடா?"

"நானா? அந்த ரூமுக்குள்ள நான் தலைய நீட்டுறதே இல்லன்னு உனக்குத் தெரியாதா அண்ணி?"

"அப்ப தோலு ஏன் சூடா இருக்கு?"

"வெயில் அடிச்சிருக்கும். அங்கதான ஜன்னல் இருக்கு." டீசல் கேனை மூடிக்கொண்டே சிரித்தான். "இல்லேன்னா பொண்டாட்டி வெரட்டி விட்ட எவனாவது வந்து படுத்திருப்பான்."

"ஆறடிக்கு வளந்து நிக்குற. ஒரு ஐஸ் ரூமுக்கு இப்படிப் பயப்படுற."

"ஐசுக்கு இல்ல அண்ணி" என்றான் தூரே. இயந்திரத்தின் மூடியைத் திருகினான்.

எதற்கு என்று அவளுக்குத் தெரியும். மார்ச்சில் ஆற்றிலிருந்து அறுத்த பனிக்கட்டியைக் கோடை முழுக்கக் குளிர்க்கிடங்கில் வைத்திருந்து, நவம்பரில் விடுதி கட்டுவார்கள். போன வருஷத்துக்கு முந்தின நவம்பரில், ஆறு அப்போதுதான் உறையத் தொடங்கியிருந்தபோது, பனிக்கட்டியின் கனத்தைத் துளையிட்டுப் பார்க்கப் போனான் எஸ்கில். ரௌனியின் கணவன், தூரேயின் அண்ணன். பனிக்கட்டி உடைந்து, பனிவண்டியோடு ஆற்றுக்குள் போய்விட்டான். வண்டி கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. ஆறு ஓர் ஆளை வைத்துக்கொண்டிருக்கும் வரை அந்தப் பக்கம் பனிக்கட்டி அறுக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். ஆனால் அடுத்து வந்த மார்ச்சில் மற்ற இடமெல்லாம் பனிக்கட்டி வெள்ளையாய்க் கலங்கியிருந்தது. அங்கே மட்டும் அடித்தட்டு வரை தெரிகிற மாதிரி தெளிவு. அறுத்தார்கள். அந்தக் கட்டிகள்தான் ஒன்பதாம் அறையின் வெளிச்சுவராகவும் ஜன்னலாகவும் ஆயின. குளிர்காலம் முழுவதும் ரௌனி எல்லா அறைகளிலும் தோல் விரித்தாள், தரைப்பனியை வாரிச் சமன் செய்தாள். ஒன்பதாம் அறையை மட்டும் வேறு பெண்களிடம் விட்டுவிட்டாள்.

எஸ்கில் எப்போதும் அவளுக்கு முன்பே படுக்கப் போவான். அவள் பாத்திரம் கழுவிவிட்டு வரும்போது, தான் படுத்துச் சூடாக்கிய இடத்தை அவளுக்கு விட்டுவிட்டுச் சுவரோரம் நகர்ந்துகொள்வான். தோலில் கை பட்டதும் அவளுக்கு நினைவு வந்தது அதுதான். அதைக் கொழுந்தனிடம் எப்படிச் சொல்வது?

"மத்த ரூம் தோலெல்லாம் ஏத்தியாச்சு" என்றான் தூரே. "அது மட்டுந்தான் பாக்கி. எடுத்துக்கிட்டு, ஒரு கத்து கத்திட்டுப் பின்னாடி வா. காப்பி இருக்கு. நம்மூர் வழக்கப்படி அதுக்குள்ளயே சீஸ் துண்டு போட்டு வச்சிருக்கேன்."

"நான் வர்றதுக்குள்ள சீஸையெல்லாம் பொறுக்கித் தின்னுடாத."

சீசன் முடிந்ததும் கூரை நாளுக்கு நாள் தாழும். பிள்ளைகள் உள்ளே போய் விளையாடாதபடி இரண்டு வாசல்களையும் ஈரப்பனியால் அடைத்துவிடுவார்கள். குளிரில் அது கல்லாகிவிடும். அடைப்பதற்கு ஒரு முறை உண்டு. ஒருவர் எல்லா அறைகளையும் பார்த்துக்கொண்டே பின்வாசலை நோக்கிப் போவார். போகும்போது உள்ளேயிருந்து "யாருமில்ல, மூடு" என்று குரல் கொடுப்பார். அதைக் கேட்ட பிறகுதான் வெளியே இருப்பவர் முன்வாசலை அடைப்பார். பிறகு சுற்றிக்கொண்டு போய், பார்த்தவர் வெளியே வந்ததும் பின்வாசலை அடைப்பார். அந்தக் குரல் கேட்காமல் யாரும் இயந்திரத்தைத் தொட மாட்டார்கள். எஸ்கில் இருந்தவரை குரல் கொடுப்பது அவன் வேலை. இந்த வருஷம் ரௌனியின் வேலை.

மறுபடி உள்ளே போனாள். தோல் சுமந்தால் வியர்க்கும் என்று, தன் சிவப்புக் கோட்டைக் காலையிலேயே பின்வாசல் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்தாள். போனும் அதில்தான் இருந்தது. கூடத்தின் இரு பக்கமும் அறைகள், கதவில்லாத வெறும் வளைவுகள், வளைவுகளில் திரைகள். எங்கோ நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் அறையின் திரையை விலக்கியதும் அது நின்றுவிட்டது.

நனைந்த கம்பளி வாடை. அதற்கடியில் ஆற்றுச் சேற்றின் வாடை.

மேல் தோலைச் சுருட்டினாள். அடியிலிருந்த தோல் இன்னும் சூடாக இருந்தது. சுவரைப் பார்க்காமலே அதையும் சுருட்டினாள். ஆனால் படுக்கையை ஒட்டிய இடத்தில், தலையணை உயரத்தில், தெளிந்த பனிக்கட்டியில் ஒரு வெண்மை படர்ந்திருந்தது கண்ணில் பட்டுவிட்டது. குளிர்காலத்தில் ஜன்னலருகே நின்று மூச்சு விட்டால் கண்ணாடியில் படியுமே, அந்த மாதிரி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்கி, பின்பு விரிந்தது. கையுறையால் துடைத்தாள். போகவில்லை. அது இந்தப் பக்கத்தில் இல்லை.

அப்போதுதான் கூடத்திலிருந்து குரல் கேட்டது.

"யாருமில்ல, மூடு."

அவளுடைய குரல். தொண்டையில் லேசாகக் கரகரக்கும் அவளுடைய குரலேதான். கடைசி எழுத்தை இழுப்பதுகூட அவள் இழுக்கிற மாதிரியே.

"தூரே!" என்று கத்தினாள். "நான் சொல்லல! நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்!"

அந்தச் சுவர்கள் சத்தத்தைத் தின்றுவிடும். அதற்காகவே வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவார்கள், இப்படியொரு அமைதியைக் கேட்டதே இல்லை என்பார்கள். இயந்திரம் உறுமத் தொடங்கியது. தோல்களைப் போட்டுவிட்டு ஓடினாள். முன்வாசல் வளைவில் பாதி வரை பனி ஏறியிருந்தது. மேலே கொஞ்சம் வானம் தெரிந்தது. ஓடிச் சேர்வதற்குள் அதுவும் போயிற்று. இரண்டு கையாலும் தோண்டினாள். தோண்டிய குழியில் மேலும் பனி வந்து விழுந்தது.

பின்வாசல். இன்னும் பின்வாசல் இருக்கிறது.

கூடம் இருண்டிருந்தது. பின்பக்கம் போகப் போகக் கூரை தாழ்ந்தது. குனிந்தாள். பிறகு தவழ்ந்தாள். ஆணி கைக்குத் தட்டுப்பட்டது.

கோட்டைக் காணோம். வாசல் இன்னும் ஒரு திருப்பத்துக்கு அப்பால் இருந்தது.

வெளியே தூரேயின் குரல் கேட்டது, பஞ்சுக்குள்ளிருந்து வருவது போல. "வந்துட்டியா அண்ணி? உள்ள எல்லாம் பாத்துட்டல்ல?"

"பாத்துட்டேன். யாருமில்ல." மறுபடி அவளுடைய குரல், வெளியிலிருந்து.

"தோலு எங்க?"

"கெடக்கட்டும் விடு. ஈரம்."

"தூரே!" ரௌனி உள்ளேயிருந்து தொண்டை கிழியக் கத்தினாள். "டேய் தூரே! அது நான் இல்லடா!"

இயந்திரம். பனி. முகத்தில், வாயில், கண்ணில். பின்னால் தள்ளிக்கொண்டு வந்தது. ஊர்ந்து விலகினாள்.

பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

வெளிச்சம் ஒரே இடத்திலிருந்துதான் வந்தது. நீலமாக. அங்கே போகக் கூடாது என்று தெரியும். ஆனால் ஜன்னல் அங்கேதான் இருந்தது. திரையைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள், கட்டிலைப் பார்க்காமல் ஜன்னலில் முகத்தை வைத்தாள்.

தூரே பனிவண்டியின் பக்கத்தில் நின்று காப்பி ஊற்றிக்கொண்டிருந்தான். எதற்கோ சிரித்தான். அவன் நீட்டிய குவளையைச் சிவப்புக் கோட்டு போட்டவள் வாங்கி, விரலால் சீஸ் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கோட்டின் ஓரத்திலிருந்து தண்ணீர் விடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. தூரே அதைக் கவனிக்கவில்லை. ரௌனி ஜன்னலை இரண்டு முஷ்டியாலும் அடித்தாள். ஒரு முழக் கனமுள்ள பனிக்கட்டி. அடி அவள் காதுக்கே கேட்கவில்லை.

சிவப்புக் கோட்டுக்காரி மட்டும் திரும்பினாள். ரௌனி தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம். அது ஜன்னலை நிதானமாகப் பார்த்தது. பிறகு தூரேயின் பின்னால் ஏறி உட்கார்ந்து, அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. வண்டி வீட்டுப் பக்கம் போயிற்று.

மே முடிவதற்குள் சுவரெல்லாம் கரைந்து, வந்த வழியே ஆற்றுக்குப் போய்விடும். அதுவரை இங்கே யாரும் வர மாட்டார்கள்.

பின்னால் ஏதோ உரசியது.

திரும்பக் கூடாது.

திரும்பினாள்.

அவள் சுருட்டிப் போட்ட தோல்கள் கட்டிலில் விரிந்து கிடந்தன. நடுவில் புடைப்பு. மயிரெல்லாம் ஈரம். மேல் தோல் மெல்ல உயர்ந்தது, தாழ்ந்தது. அடியில் இருந்தது ஒருக்களித்துப் புரண்டது. மெதுவாக, தூக்கம் கலையாத மாதிரி, சுவரோரம் நகர்ந்துகொண்டது.

அவளுக்காக விட்ட இடத்திலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.