மூன்று வாரப் பூஜ்யங்கள்

புற்றுநோய்ப் பிரிவின் உதவி எண் அலறியது.

காலை பத்தேகால்.

நர்ஸ் எடுத்தாள்.

"சிஸ்டர்... நான் பஸ் டிரைவரோட சம்சாரம்! கீழ கேஷுவால்ட்டில இருக்கோம். அவர் மயங்கி விழுந்துட்டார்... நான் விஷம் வெச்சுட்டேன்னு போலீஸ் வந்திருக்கு சிஸ்டர்!"

நர்ஸ் டிரைவரின் ஃபைலை உருவிக்கொண்டு படிகளில் பாய்ந்தாள்.

ஸ்ட்ரெச்சரில் டிரைவர். வெளுத்த முகம். பிரஷர் எண்பதுக்கு ஐம்பது!

எதிரே இன்ஸ்பெக்டர். கையில் பிளாஸ்டிக் உறை. உள்ளே ஒரு டம்ளர்.

"இவதான் சார்!" டிரைவரின் அக்கா, தம்பியின் மனைவியைக் காட்டிக் கத்தினாள். "இவ கொடுத்த ஜூஸைக் குடிச்சான். அஞ்சே நிமிஷம்... வாந்தி! அப்படியே சாஞ்சுட்டான்!"

இன்ஸ்பெக்டர் நர்ஸிடம் திரும்பினார்.

"வாராவாரம் போன் போட்டு இவரை விசாரிக்கிறது நீங்கதானாம்மா? என்ன எழுதியிருக்கீங்க?"

ஃபைலைப் பிரித்தாள்.

தலைவலி... இல்லை. வாந்தி... இல்லை. சோர்வு... இல்லை. கடந்த மூன்று வாரமும் அப்படியே! கடைசி போன் முந்தாநாள்.

"முந்தாநாள் வரைக்கும் ஆள் கல்லு மாதிரி இருந்திருக்கான். அப்போ ஜூஸ்தானே!" என்றார் இன்ஸ்பெக்டர்.

நர்ஸின் கையெழுத்தே ஒருத்தியை ஜெயிலுக்கு அனுப்பப் போகிறது!

டியூட்டி டாக்டர் இரைப்பையைக் கழுவக் குழாயை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் டாக்டர்!"

பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். முதல் ஒன்பது வாரமும் புகார்களின் ஊர்வலம்! முதுகு அரிக்குது. நாக்கு வறளுது. கால் கட்டைவிரல் குறுகுறுங்குது...

"சார், கட்டைவிரல் அரிச்சாக்கூட அரைமணி நேரம் பேசுற மனுஷன் இவர். திடீர்னு எல்லாமே பூஜ்யம்னா? யாரோ வாயை அடைச்சிருக்காங்க!"

மனைவியின் தோளைப் பிடித்தாள்.

"மறைக்காம சொல்லுங்கம்மா. தலைவலி இருந்துச்சா?"

அவள் உதட்டைக் கடித்தாள். நாத்தனாரைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

"முழிக்கிறதைப் பாருங்க!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"உங்க வீட்டுக்காரர் கையை விட்டுப் போயிட்டிருக்காரும்மா!" என்றாள் நர்ஸ்.

உடைந்தாள்.

"இருந்துச்சு சிஸ்டர்... மூணு வாரமா! தலையைப் பிடிச்சுக்கிட்டு துடிப்பார். வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்!"

"டாக்டர், இவர் இம்யூனோதெரபி எடுக்கிறவர். இது அந்த மருந்தோட பக்கவிளைவா இருந்தா?"

டாக்டர் குழாயைக் கீழே போட்டார்.

"கார்ட்டிசாலுக்கு ரத்தம் எடுங்க. ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேணாம். ஸ்டீராய்டு ஊசி... சலைன்... உடனே!"

ஊசி ஏறியது. இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார்.

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லும்மா."

நர்ஸ் சலைனைத் திறந்துவிட்டபடியே சொன்னாள்.

"நம்ம எதிர்ப்பு சக்திக்கு ஒரு பிரேக் இருக்கு சார். சொந்த உடம்பையே தாக்கிடக்கூடாதுல்ல? புற்றுநோய் அந்த பிரேக்கை மிதிச்சுக்கிட்டே தப்பிச்சுக்கும். இந்த மருந்து பிரேக்கை எடுத்துவிடும். வண்டி பாய்ஞ்சு போய்க் கட்டியை அடிக்கும். சில நேரம்... ஓரமா நிக்கிறவங்களையும் அடிச்சுடும்!"

"இங்க யார் மேல ஏத்திச்சு?"

"மூளைக்கு அடியில பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி. அது வீங்கினா தலை வலிக்கும். சிறுநீரகத்து மேல இருக்கிற சுரப்பிக்கு அதுதான் உத்தரவு போடும். உத்தரவு நின்னா கார்ட்டிசால்ங்கிற ஹார்மோன் நிக்கும். பிரஷர் இறங்கும், வாந்தி வரும், ஆள் சாய்வார். பாக்க அச்சு அசல் விஷம்!"

நாற்பது நிமிடம்.

பிரஷர் நூற்றுப்பத்து. டிரைவர் கண் திறந்தார்!

இன்ஸ்பெக்டர் குனிந்தார். "வாயைத் திறக்காதேன்னு உனக்கு யாருய்யா சொன்னது?"

டிரைவரின் பார்வை மனைவியைத் தாண்டியது... நகர்ந்தது... நின்றது.

"அக்காதான் சார்... பக்கத்து பெட்காரர் மூச்சுத் திணறுதுன்னு சொன்னார். அவருக்கு மருந்தையே நிறுத்திட்டாங்க. 'நீயும் உளறிக் கொட்டாதே, எது கேட்டாலும் இல்லன்னே சொல்லு'ன்னா..."

அக்கா ஸ்டூலில் சரிந்தாள்.

"தலைவலின்னுதானே சொன்னான்... அதுக்குப்போய் மருந்தை நிறுத்திட்டா என் தம்பி பிழைப்பானான்னு..."

"பக்கவிளைவு நுரையீரல்ல வந்தா மருந்தை நிறுத்த வேண்டி வரும்மா," என்றாள் நர்ஸ். "இதுக்குப் பெரும்பாலும் நிறுத்தவே தேவையில்ல. குறையுற ஹார்மோனை தினம் மாத்திரையா கொடுத்தா போதும்!"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து இன்ஸ்பெக்டர் முன் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"என்னைப் பிடிச்சுட்டுப் போங்க சார்!"

இன்ஸ்பெக்டர் ஓரடி பின்வாங்கினார்.

"அய்யய்யோ, வேணாம்மா! உங்களை லாக்கப்ல வெச்சா, உள்ள இருக்கிற திருடனுக்கெல்லாம் 'எது கேட்டாலும் இல்லன்னே சொல்லு'ன்னு பாடம் எடுத்துடுவீங்க. அப்புறம் நான் எப்படி கேஸை முடிக்கிறது!"