யூ மரச் சந்து

வெட்டிய இலையின் பச்சை வாசனை மூக்கைத் துளைத்தது. ஆனால் சரளைப் பாதையில் ஓர் இலைகூட விழுந்து கிடக்கவில்லை. இரு பக்கமும் இரண்டு ஆள் உயரத்துக்கு யூ மர வேலி, முந்நூறு வருடமாகக் கத்தரித்துக் கத்தரித்துச் சுவராக இறுகிப்போனது, அக்டோபர் மாலையின் ஈரத்தில் கருத்து நிற்க, அதற்குள் எங்கோ ஒரு கத்தரிக்கோல் நிதானமாக வெட்டிக்கொண்டிருந்த சத்தத்தை ஹிலரி நின்று கேட்டாள்.

அவளுடைய அக்கா மேவிஸ், இருவரும் சுற்றிப் பார்க்க வந்த பழைய மாளிகையின் தேநீர்க் கடையில் காத்திருந்தாள். அம்மாவைப் புதைத்த அன்று போட்ட சண்டைக்கு ஆறு வருடம் கழித்து, இன்றுதான் இருவரும் சேர்ந்து கிளம்பினார்கள். காரிலேயே மறுபடி ஆரம்பித்துவிட்டது.

"போய்த் தோட்டத்த ஒரு சுத்து சுத்திட்டு வா. கோவம் ஆறட்டும். அப்புறம் ஸ்கோன் தின்னுட்டுப் பேசலாம்," என்று மேவிஸ்தான் அனுப்பினாள்.

மன்னிப்புக் கேட்டுவிடலாம். அந்த முடிவோடு ஹிலரி திரும்பினாள். வந்த வழி இல்லை. அங்கே வேலி இருந்தது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. வாசலில் கொடுத்த தோட்ட வரைபடத்தை விரித்தாள். ஒரே நேர்ப்பாதை. கிளையே கிடையாது.

"யாராவது இருக்கீங்களா? வழி தவறிட்டேன்."

கத்தரிக்கோல் நின்றது.

"நேரா வாங்கம்மா," என்றது வேலிக்குள்ளிருந்து வயதான ஆண் குரல். "சரியாத்தான் வர்றீங்க."

நடந்தாள். பாதை குறுகியது. கோட்டின் தோள்கள் உரசின. பிறகு பக்கவாட்டில்தான் நகர முடிந்தது.

"இன்னும் கொஞ்சம்."

எதிரே வேலி. முதுகிலும் வேலி. வெதுவெதுப்பாக இருந்தது. கையை அசைக்க முடியவில்லை.

கண்ணுக்கு நேரே சின்ன ஓட்டை. அதன் வழியே புல்வெளி, தேநீர் மேசைகள், மேவிஸ். மேவிஸுக்கு எதிரே ஒருத்தி. அதே கோட்டு. அதே நரைத்த தலை.

"அன்னைக்கு நான் பேசினது தப்புதான், மேவிஸ்," என்றாள் அவள், ஹிலரியின் குரலில்.

மேவிஸின் கண்கள் நிறைந்தன. "இத ஒரு வார்த்தை சொல்ல ஆறு வருஷமாடி உனக்கு?" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஹிலரி கத்தினாள். வாய்க்குள் இலை புகுந்தது. கசந்தது.

மேவிஸ் நிமிர்ந்தாள். "ஏதோ சத்தம் கேட்டுச்சே?"

"காக்கா. நீ காருக்குப் போ. இதோ வந்துடறேன்."

மேவிஸ் போனாள். மற்றவள் அவசரமில்லாமல் புல்வெளியைத் தாண்டி வந்தாள். குனிந்தாள். ஓட்டையில் கண்ணை வைத்துச் சற்று நேரம் உள்ளே பார்த்தாள்.

பிறகு, குழந்தையின் நெற்றி முடியை ஒதுக்கிவிடுவதுபோல, ஒரு விரலால் இளங்கிளையொன்றை மெல்ல இழுத்து ஓட்டையை மூடினாள்.